உங்களுக்குத் தெரியுமா? மகரகம முடிந்து பல வருடங்களின் பின்

■ சிறுவயதில் மூளைக்கட்டிக்காகவோ இரத்தப் புற்றுநோய்க்காகவோ தலைக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றுக் குணமானவர்களில் சிலருக்கு, பல வருடங்கள் சென்றபின் மூளைக்குள் இரத்த நாளக் கட்டி ஒன்று தோன்றுவதுண்டு. வைத்தியர்கள் இதைக் கவர்னோமா என்கிறார்கள். மயிரிழை போன்ற நுண்ணிய நாளங்கள் மெல்லிய சுவருடன் வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, இரத்தம் மிக மெதுவாக ஓடும் ஒரு முடிச்சாகிவிடும். கட்டி என்று சொன்னாலும் இது புற்றுநோய் இல்லை. வேறு இடத்துக்குப் பரவாது. பழைய நோய் திரும்பிவிட்டது என்பதும் இதன் அர்த்தம் இல்லை.

இந்தக் கடைசி வசனத்தை ஒவ்வொரு குடும்பமும் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நோயின் பெயரைச் சொல்வதற்குப் பதிலாக "மகரகமவுக்குப் போய் வாறார்" என்றுதான் இன்னும் சொல்கிறோம். புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் அந்த ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. அப்படி ஒருமுறை போய்த் திரும்பிய பிள்ளைக்கு இருபத்தைந்து வயதில் தலையில் "ஏதோ தெரிகிறது" என்று ஸ்கேன் அறிக்கை வந்தால், வைத்தியரைப் பார்க்கும் முன்பே வீடு இழவு வீடாகிவிடுகிறது. தெரிந்தது கவர்னோமாவாக இருந்தால் அந்த அழுகை பெரும்பாலும் தேவையற்றது.

■ கதிர்ச்சிகிச்சை பெறாதவர்களிடமும் கவர்னோமா உண்டு. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்களில் பலர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். அதற்குக் காரணமான மரபணுக்கள் மூன்று அடையாளம் காணப்பட்டுள்ளன. பரம்பரையாக வந்தாலும் கதிரினால் வந்தாலும் ஒரே மூளையில் ஒன்றுக்கு மேற்பட்ட முடிச்சுகள் இருக்கலாம்.

■ அளவைப் புரிந்துகொள்ளுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் உடலுக்குக் கிடைக்கும் கதிர் சுமார் 0.1 மில்லி சீவேர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் ஒரு மனிதருக்கு வருடம் முழுவதும் இயற்கையாகக் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4 மில்லி சீவேர்ட். சிறுமூளையில் வரும் மெடுலோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் பருவப் புற்றுக்குக் கட்டி இருந்த இடத்தில் கொடுக்கும் மொத்த அளவு 54 கிறே (திசு உறிஞ்சும் கதிரை அளக்கும் அலகு). வருடம் முழுவதும் இயற்கையாகக் கிடைப்பதை விட அது பல்லாயிரம் மடங்கு. அதனால்தான் ஒரே நாளில் கொடுக்காமல், நாளுக்கு 1.8 கிறே வீதம் 30 தடவைகளாகப் பிரித்து, ஆறு வாரம் அலைய வைக்கிறார்கள். நாளுக்கு நாள் கிடைக்கும் இடைவெளியில் நல்ல கலங்கள் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்கின்றன. புற்றுக் கலங்களுக்கு அந்தத் திறமை குறைவு.

■ நல்ல கலங்கள் எல்லாம் முழுதாகத் தேறுவதில்லை. நாளங்களின் உட்சுவரில் இருக்கும் கலங்கள் கதிருக்கு மிகவும் நொய்தானவை. அவை சேதமடைந்தால் சுவர் பலவீனப்படும். இரத்தம் போதாத திசு, புது நாளங்களை வளர்க்கும்படி வேதிச் சமிக்ஞை அனுப்பும். அவசரத்தில் முளைக்கும் நாளங்கள் ஒழுங்கான சுவர் இல்லாமல் முளைக்கின்றன. வளரும் மூளையில் இது இன்னும் இலகுவாக நடக்கிறது. அதனால் சிறுவயதில், அதிலும் பத்து வயதுக்கு முன்பு கதிர் பெற்றவர்களிடமே இந்தக் கட்டியைக் கூடுதலாகக் காண்கிறார்கள். சிலருக்கு மூன்று நான்கு வருடத்தில் தெரியும். சிலருக்கு இருபது வருடம் கடந்தும் தெரியும். பத்து வருடத்தை ஒட்டிய காலம் பொதுவானது.

■ சாதாரண சி.ரி. ஸ்கேனில் சிறிய கவர்னோமா தப்பிவிடலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் அது சோளப்பொரி போல வெளுப்பும் கறுப்பும் கலந்து, சுற்றிக் கறுப்பு வளையத்துடன் தெரியும். அந்த வளையம் பழைய இரத்தக் கசிவு விட்டுப்போன இரும்புச்சத்து. இரும்புக்கு மிகவும் உணர்திறன் கொண்ட ஒரு தனி எம்.ஆர்.ஐ. முறை இருக்கிறது. அதில் எடுத்தால் சாதாரண முறையில் தெரியாத மிகச் சிறு முடிச்சுகளும் புள்ளிகளாகத் தெரியும். ஆகவே ஸ்கேனுக்கு எழுதும் வைத்தியருக்கும், படத்தை வாசிக்கும் வைத்தியருக்கும் "முன்பு தலைக்குக் கதிர் கொடுத்தது" என்ற தகவல் போக வேண்டும். அது தெரிந்தால் எந்த முறையில் படம் எடுப்பது என்ற முடிவே மாறும்.

எம்.ஆர்.ஐ. இயங்குவது காந்தப்புலத்தால். அதில் எக்ஸ்ரே போன்ற கதிர் இல்லை. ஒவ்வொரு வருடமும் எடுத்தால் இன்னும் கதிர் ஏறுமே என்று பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுகிற தாய்மார் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

■ கவர்னோமா இருந்தால் எப்போது வெடிக்குமோ என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2016இல் 1,620 கவர்னோமா நோயாளர்களின் விபரங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். இது கதிரால் வந்தவற்றை மாத்திரம் பார்த்த ஆய்வு இல்லை. மூளைத்தண்டுக்கு வெளியே இருந்து, முன்பு இரத்தக் கசிவோ நரம்புப் பாதிப்போ காட்டாதவற்றில், ஐந்து வருடத்துக்குள் கசிவு ஏற்பட்டது 3.8 வீதத்தினருக்கு மாத்திரமே. மூளைத்தண்டில் இருந்து, ஏற்கெனவே கசிவோ நரம்புப் பாதிப்போ காட்டியவற்றில் அது 30.8 வீதம். இடமும் வரலாறும்தான் ஆபத்தைத் தீர்மானிக்கின்றன. முதல் வகையினருக்கு வைத்தியர் "பார்த்துக்கொண்டிருப்போம்" என்று சொன்னால், அது கைவிட்ட பேச்சு இல்லை. ஆராய்ந்து எடுத்த வைத்திய முடிவு.

■ தலையில் வரும் படர்தாமரைக்கு ஒரு காலத்தில் எக்ஸ்ரே வைத்தியம் இருந்தது! பூஞ்சை பிடித்த முடியை உதிர்ப்பதற்காகக் குழந்தைகளின் தலைக்கு எக்ஸ்ரே அடித்தார்கள். 1958ஐ ஒட்டி கிரிசியோபல்வின் மாத்திரை வரும்வரை பல நாடுகளில் இது சாதாரண வைத்தியம்.

இஸ்ரேல் அரசு 1948இலிருந்து 1960 வரையான காலத்தில், வட ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் இருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இதைச் செய்தது. பாருக் மோடான் என்ற வைத்தியர் அந்தப் பிள்ளைகளின் பட்டியலைத் தேடி எடுத்து, அவர்கள் வளர்ந்தபின் என்ன ஆனார்கள் என்று பின்தொடர்ந்து, 1974இல் முதல் முடிவுகளை வெளியிட்டார். 1988இல் எலைன் ரோனுடன் சேர்ந்து வெளியிட்ட விரிவான ஆய்வில் கதிர் பெற்ற 10,834 பேர் இருந்தார்கள். மூளையை மூடியிருக்கும் சவ்வில் வரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி, அவர்களிடம் மற்றவர்களை விட 9.5 மடங்கு கூடுதலாக இருந்தது. அவர்களின் மூளைக்குக் கிடைத்தது சராசரியாக 1.5 கிறேதான்.

சிறு அளவும் பல வருடங்கள் கழித்துக் கணக்குக் கேட்கும் என்று உலகம் அறிந்தது இவர்களாலும்தான். 1994இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் இவர்களுக்கு நட்டஈடு வழங்கச் சட்டம் இயற்றியது. பழைய பட்டியல் கிடைத்ததால்தான் அந்த ஆய்வே சாத்தியமானது.

■ "இந்தக் கட்டி பழைய கதிரால்தான் வந்தது" என்று சொல்ல வைத்தியர்கள் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். கஹான் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும் 1948இல் எலும்புப் புற்றுக்காக வகுத்தவற்றிலிருந்து வளர்ந்தவை இவை. புதிய கட்டி கதிர் பட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும். இடையில் போதிய வருடங்கள் கடந்திருக்க வேண்டும். பழைய கட்டியின் வகையும் புதியதன் வகையும் வேறாக இருக்க வேண்டும். கட்டிகளை உண்டாக்கும் பரம்பரை நோய் அவருக்கு இருக்கக் கூடாது.

எல்லை, வருடம், வகை. மூன்றையும் சொல்லக்கூடியது ஒரு பழைய காகிதம்தான். எங்கள் கதை இங்கேதான் கனக்கிறது. 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளோடு எத்தனை குடும்பங்களின் வைத்தியப் பத்திரங்கள் எரிந்தன! வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்து கொழும்பு வந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பைல்களைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. பிறகு அதே பிள்ளை ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ போய்விட்டது. அங்குள்ள வைத்தியர் "சிறுவயதில் என்ன சிகிச்சை?" என்று கேட்டால், "மகரகமவில் ஏதோ செய்தார்கள்" என்பதற்கு மேல் பதில் இல்லை.

ஆகவே கிளினிக் கொப்பியையும், வார்ட்டில் இருந்து துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் காட்டையும் எறியாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக் குடும்பத்தில் இருவரிடமாவது வைத்திருங்கள். காகிதம் தொலைந்தவர்கள், பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: நோயின் பெயர், எத்தனையாம் வயதில், எந்த வைத்தியசாலை, முழுத் தலைக்கா ஒரு பகுதிக்கா, முதுகுத்தண்டுக்கும் கொடுத்தார்களா, எத்தனை நாள், எந்த மருந்துகள் ஏற்றினார்கள். பழைய கிளினிக் இலக்கம் ஒன்று கிடைத்தாலே தேடுபவருக்கு அது பெரிய உதவி.

■ கலியாணம் பேசும்போது இந்த வரலாற்றை மறைக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. பெண் வீட்டாரின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் முப்பது வயதில் அந்தப் பெண்ணுக்குத் திடீரென வலிப்பு வந்து, மயங்கிய நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது வைத்தியர் கேள்வி கேட்பது கணவனிடம். அவனுக்குத் தெரியாத தகவல் அவளுடைய உயிருக்குத் தேவையான தகவல். மறைத்து வைத்ததில் அவளுக்கு எந்த நன்மையும் இல்லை.

■ கதிர் வீசும் தோரியம் நிறைந்த தோரியனைட் என்ற கனிமத்தை உலகுக்குக் காட்டியவர் கொழும்பில் பிறந்த ஒரு தமிழரின் மகன். கலை வரலாற்றாசிரியராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமிதான் அவர். சேர் முத்து குமாரசுவாமிக்கு மகனாக 1877இல் கொழும்பில் பிறந்து, இங்கிலாந்தில் புவிச்சரிதவியல் படித்து, இலங்கைக் கனிம ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக இருந்த காலத்தில், 1904இல், சப்ரகமுவப் பகுதியில் கிடைத்த கனமான கறுப்புக் கற்களை ஆராய்ந்து லண்டனுக்கு அனுப்பினார். அவற்றின் பெரும்பகுதி தோரியம் ஒக்சைட்டு என்று அங்கே தெரியவந்தது.

கதை அங்கே நிற்கவில்லை. லண்டனில் இரசாயனவியலாளர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு வந்த ஒட்டோ ஹான் என்ற இளைஞர், இலங்கைத் தோரியனைட்டிலிருந்து பிரித்தெடுத்த பொருளை ஆராய்ந்தபோது, 1905இல் ரேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருளைக் கண்டார். பின்பு 1907இல் மீசோதோரியத்தையும் கண்டார். ரேடியத்தை விட மலிவாக இருந்ததால் மீசோதோரியத்தை அந்நாளில் வைத்தியத்துக்கும் பயன்படுத்தினார்கள். அணுப்பிளவுக்காக 1944ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு பெற்றவரும் இதே ஹான்தான். கதிர்வீச்சு அறிவியலின் முதல் பக்கங்களில் எங்கள் மலையடிவாரத்துக் கல் ஒன்று இருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் ஏன் சொல்லித் தரவில்லை என்று எனக்கு ஆதங்கம்.

கொட்டாஞ்சேனைக்காரருக்கு ஒரு உறவுத் தகவல்: கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லால் எழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு முத்து குமாரசுவாமி தாய்மாமன். ஆகவே ஆனந்த குமாரசுவாமி அவருக்கு மச்சான் முறை.

■ தோரியத்துக்கு இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. உயிருள்ள மனிதரின் மூளை நாளங்களை எக்ஸ்ரேயில் முதன்முதலாகப் படம் பிடித்தவர் போர்த்துக்கல் நாட்டு எகாஸ் மோனிஸ். வருடம் 1927. நாளங்கள் படத்தில் தெரிய வேண்டுமென்றால் கதிரைத் தடுக்கும் திரவம் ஒன்றை ஏற்ற வேண்டும். 1930களில் அதற்காக வந்தது தோரோட்ராஸ்ட். அது தோரியம் ஒக்சைட்டுத் துகள்கள் கலந்த கூழ்மம். படம் பிரமாதமாக விழுந்தது, நோயாளருக்கு உடனடியாக ஒரு வில்லங்கமும் இல்லை, ஆகவே உலகம் முழுவதும் ஏற்றினார்கள்.

ஏற்றிய தோரியம் உடலை விட்டுப் போகவில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கி, வாழ்நாள் முழுவதும் உள்ளேயிருந்து கதிர் வீசியது. இருபது முப்பது வருடம் கழித்து அவர்களில் சிலருக்கு ஈரலில் ஆஞ்சியோசார்கோமா வந்தது. மிக அரிதான, மிகக் கொடிய இரத்த நாளப் புற்றுநோய் அது. மூளையின் நாளத்தைப் பார்க்க ஏற்றிய மருந்து ஈரலின் நாளத்தில் புற்றாக முளைத்தது. 1950களில் அதன் பாவனை முடிவுக்கு வந்தது. இன்று சி.ரி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில் நாளங்கள் தெரிய ஏற்றும் மருந்துகளில் கதிரியக்கம் கிடையாது. அவை அயடீன் அல்லது கடோலினியம் சேர்ந்தவை.

■ மூளையில் வரும் அசல் நாளக் கட்டி ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா. பெரும்பாலும் சிறுமூளையில் வரும். சிலரில் இந்தக் கட்டியே எரித்ரோபொயிட்டின் என்ற ஹோர்மோனைச் சுரந்து, இரத்தச் சிவப்பணுக்களை அளவுக்கு மீறிக் கூட்டிவிடும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது வான் ஹிப்பெல் லின்டாவ் என்ற பரம்பரை நோயின் பகுதியாக வருகிறது. விழித்திரையில் இருந்ததை ஜேர்மனியின் வான் ஹிப்பெல் 1904இல் விபரித்தார். அதற்கும் சிறுமூளைக் கட்டிக்கும் தொடர்பு இருப்பதை சுவீடனின் லின்டாவ் 1926இல் காட்டினார். 2021இல் இந்நோய்க்கென பெல்சுட்டிபான் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் மூளையிலும் கட்டி வந்தவர்கள் ஒரே குடும்பத்தில் இருந்தால், கதிரைக் குறை சொல்வதற்கு முன் மரபணுவைப் பார்க்க வேண்டும்.

■ வட அமெரிக்காவில், சிறுவயதுப் புற்றிலிருந்து ஐந்து வருடம் தாண்டிய 14,361 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2006இல் வெளியானது. அவர்களில் 116 பேருக்கு மூளையிலோ முள்ளந்தண்டு வடத்திலோ புதிய கட்டி வந்தது. 66 பேருக்கு மெனிஞ்சியோமா, 40 பேருக்குக் கிளியோமா. கிளியோமா நடுப்புள்ளிக் கணக்கில் 9 வருடத்திலும், மெனிஞ்சியோமா 17 வருடத்திலும் தோன்றின. பதினான்காயிரத்தில் நூற்றுச் சொச்சம் என்பதைக் கவனியுங்கள். கதிர் வேண்டாம் என்று ஓடுவதற்கு இந்த எண்ணிக்கை காரணமாக முடியாது. மெடுலோபிளாஸ்டோமா வந்த பெரும்பாலான பிள்ளைகள் கதிர் இல்லாமல் பிழைப்பது கடினம். பின்னால் வரக்கூடிய கட்டிக்குப் பயந்து முன்னால் நிற்கும் மரணத்திடம் பிள்ளையைக் கொடுக்கலாமா?

■ இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளின் தலைக்கு 1960களிலிருந்து வழக்கமாகக் கொடுத்துவந்த கதிரை இன்று பெரும்பாலும் கொடுப்பதில்லை. அமெரிக்காவின் சென்ற் ஜூட் வைத்தியசாலை 498 பிள்ளைகளுக்குத் தலைக்குக் கதிரே இல்லாமல், மருந்தால் மாத்திரம் சிகிச்சை செய்தது. ஐந்து வருடத்தின் பின் 93.5 வீதத்தினர் உயிருடன் இருந்தார்கள். முடிவு வெளியானது 2009இல். எண்பதுகளில் தலைக்குக் கதிர் பெற்றவர்கள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் தாண்டுகிறார்கள். கவனமாகப் பார்க்க வேண்டிய தலைமுறை அது.

■ பத்து வயதுக்குக் குறைந்த 10,000 பிள்ளைகளுக்குத் தலை சி.ரி. எடுத்தால், அடுத்த பத்து வருடத்தில் மேலதிகமாக ஒரு மூளைக்கட்டியும் ஒரு இரத்தப் புற்றும் வரலாம் என்று 2012இல் பிரித்தானிய ஆய்வு ஒன்று கணித்தது. தலையில் அடிபட்டு வாந்தியெடுக்கும் பிள்ளைக்கு வைத்தியர் கேட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் எடுங்கள். "எதற்கும் ஒருக்கா எடுத்துப் பார்ப்போம் டொக்டர்" என்று பெற்றோரே வற்புறுத்துவதைத்தான் விட வேண்டும்.

■ கதிர் நாளத்தைச் சேதப்படுத்தும் அதே குணம் மருந்தாகவும் உதவுகிறது. நாடியும் நாளமும் பிறவியிலேயே பின்னிக் கிடக்கும் ஏ.வி.எம். என்ற கோளாறுக்கு, பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிப்பார்கள். நாளச்சுவர் மெதுவாகத் தடித்து, இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் பின்னல் அடைபட்டுவிடும். இதற்குப் பயன்படும் காமா கத்தியை சுவீடனில் லார்ஸ் லெக்செல் உருவாக்கினார். முதல் நோயாளருக்குச் செய்தது 1967இல். பெயரில் கத்தி இருந்தாலும் மண்டையோட்டைத் திறப்பதில்லை.

■ கதிர்ச்சிகிச்சைக்குப் பல வருடங்களின் பின் கடும் தலையிடி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் சோர்வு என்று பாரிசவாதம் போலவே வந்து, நாட்களிலோ வாரங்களிலோ தானாக நீங்கும் ஒரு நிலையும் உண்டு. அதை ஸ்மார்ட் என்று சுருக்கி அழைக்கிறார்கள். அது வேறு, கவர்னோமா வேறு. பார்வை நரம்புக் கட்டிக்குக் கதிர் பெற்ற சிறு பிள்ளைகளில், மூளையின் பெரிய நாடிகள் சுருங்கிப்போகும் மோயாமோயாவும் வரலாம்.

■ கதிர் பட்ட இடத்தில் திசு செத்து வீங்கினால், சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் அதையும் திரும்பி வந்த புற்றையும் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே கடினம். அப்போது துணைக்கு வருவனவற்றில் ஒன்று பெட் ஸ்கேன். மகரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 2016இல் பணம் சேர்த்தது பொதுமக்கள். தன் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தந்தை முன்னின்றார். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் கொடுத்தார்கள்.

தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையின் பின்னாலும் இப்படி ஒரு பொதுப்பணம் இருக்கிறது. அதற்காக 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் நடந்து நிதி திரட்டினார்கள். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து நோயாளர் கொழும்பு வந்து, கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, புறக்கோட்டையில் 138 பஸ் பிடித்து மகரகம போய்வந்த அலைச்சலை அறிந்தவர்களுக்கு இந்த நடையின் பெறுமதி தெரியும்.

■ கோபால்ட் இயந்திரத்தால் கதிர் கொடுக்கத் தொடங்கியது 1951இல், கனடாவில். கோபால்ட் 60இன் வீரியம் 5.27 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். ஆகவே பழைய மூலத்தின் கீழ் அதே அளவைக் கொடுக்க நோயாளர் இரண்டு மடங்கு நேரம் படுத்திருக்க வேண்டும். இன்றைய லினாக் இயந்திரங்களில் மின்சாரத்தால் கதிர் உண்டாகிறது, நிறுத்தினால் நின்றுவிடும். எங்கள் ஆட்கள் பலர் இன்றும் தேடிப்போகும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கியது. அங்கும் முதல் கோபால்ட் இயந்திரம் கனடாவிலிருந்துதான் 1950களில் வந்தது. சென்னையில் சிகிச்சை பெற்றவர்கள் அங்கு கொடுத்த கதிர் அளவு விபரத்தையும் கேட்டு வாங்கி வாருங்கள்.

■ கவர்னோமா இருப்பவர் இதயத்துக்காக அஸ்பிரின் குடிக்கிறார் என்று வையுங்கள். "இரத்தம் கசியுமாம்" என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டுத் தானாக நிறுத்தக் கூடாது. 2019இல் வெளியான ஆய்வொன்றில், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்த கவர்னோமா நோயாளரிடம் மூளைக் கசிவு கூடவில்லை, குறைவாகவே இருந்தது. நிறுத்துவதா தொடர்வதா என்பதை நரம்பியல் வைத்தியரும் இதய வைத்தியரும் சேர்ந்து சொல்லட்டும்.

■ சத்திரசிகிச்சை தேவைப்படுவது எப்போது? திரும்பத் திரும்பக் கசிந்தால், மருந்துக்கு அடங்காத வலிப்பு வந்தால், முடிச்சு வளர்ந்து நரம்பை அழுத்தினால். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் மூளைச் சத்திரசிகிச்சை 1950களிலிருந்தே நடக்கிறது. கவர்னோமாவை அகற்றுவதும் இன்று அந்தத் துறைக்குப் பழகிய வேலை.

■ இந்தக் கட்டி பலரில் முதலில் தன்னைக் காட்டிக்கொள்வது வலிப்பாகத்தான். காலி வீதியிலோ ஜம்பட்டா வீதியிலோ ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால், கையில் திறப்பையோ இரும்பையோ திணிக்க வேண்டாம். வாய்க்குள் கரண்டி வைக்க வேண்டாம், தண்ணீர் பருக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, தலைக்குக் கீழே மென்மையாக ஏதாவது வையுங்கள். நேரத்தைப் பாருங்கள். முதல் வலிப்பு என்றாலோ, ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ 1990ஐ அழையுங்கள். 2016இல் இந்திய உதவியுடன் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிய இந்தச் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். அம்புலன்ஸில் வருபவரிடம் வயது, எடுக்கும் மருந்து, வலிப்பு நீடித்த நேரம் ஆகியவற்றுடன், சிறுவயதில் தலைக்குக் கதிர் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.